எந்தக் கபூர்?

அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், என் கிளிகளே. இன்னும் கொஞ்சம் கிட்டே. சிரிக்க வைத்த மனிதர் ஒருவருடைய கதையைச் சொல்வதாகத்தான் இந்தத் தொடரை ஆரம்பித்தேன். சொன்ன சொல்லை மீறவில்லை. ஆனால் சிரித்தவர்கள் எல்லாம் எழும்பிப் போன பிறகு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதும் கதைதானே. இந்த வாரம் அதைக் கேளுங்கள்.

போன வாரம் சபியா உம்மாவைப் புருசனுடைய கட்டிலின் கால்மாட்டில் விட்டுவிட்டு வந்தோம். கல்முனைக்குடியில், கடற்கரை வீதிக்கு ஒரு வீட்டு வளவு பின்னால் இருக்கிறது அவள் வீடு. அப்துல் கபூரை ஆசுபத்திரியில் இருந்து கொண்டு வந்தாகிவிட்டது. "இனி வீட்டில வெச்சுப் பார்க்கிறது நல்லம்" என்று டொக்டர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கட்டிலில் கிடத்தியதும் கபூர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"மச்சான் எங்க?"

சபியா காதில் விழாதவள் போலத் தலையணையைச் சரிசெய்தாள். அந்த மச்சான் அவள் கூடப்பிறந்த அண்ணன், 'காக்கா' என்று அவள் கூப்பிடும் நூஹு. 'எண்ட வாசல்ல கால் வெக்காதங்க' என்று ஃபோனில் அவரைத் தடுத்தவள் அவள்தான்.

நூஹுவை அறியாத ஆள் இந்தக் கரையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவர் எழுதும் பத்தியை வாசித்த பிறகுதான் பலருக்குத் தேத்தண்ணியே இறங்கும். நாக்கு அப்படி. சீனி வருத்தம் இருப்பதாக டொக்டர் சொன்னபோது, "எண்ட எழுத்தப் படிச்ச ஒருத்தனும் எனக்குள்ள சீனி இரிக்கெண்டு இதுவரைக்கும் சொன்னதில்ல, டொக்டர்" என்றவர். பாராட்டு விழா மேடையில் மந்திரிக்கு முன்னால், "வருசா வருசம் பொன்னாடை போத்துறீங்க. ஒரு வருசமாவது சாரன் தந்தா இடுப்பிலயாவது உடுத்திருப்பன்" என்றவர். மந்திரியே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் அவரை முதன்முதலாக ஊருக்குள் பெரியாளாக்கியது எது தெரியுமா? சபியாவுடைய நிக்காஹ்.

அவர்களுடைய வாப்பா முந்தியே மௌத்தாகியிருந்தபடியால் தங்கச்சியைக் கைப்பிடித்துக் கொடுக்க 'வலி' என்கிற பொறுப்பாளியாக இருந்தது நூஹுதான். மாப்பிள்ளை கபூருக்குக் கூச்சம். ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்தால் உள்ளங்கை வியர்க்கும். நிக்காஹ் சொல்லிக் கொடுக்க வந்த லெப்பை, "மாப்பிள்ள, நான் சொல்றதச் சொல்லுங்க" என்றார்.

"நான் சொல்றதச் சொல்லுங்க" என்றார் கபூர்.

"அது இல்ல. இனிச் சொல்றதச் சொல்லுங்க."

"அது இல்ல. இனிச் சொல்றதச் சொல்லுங்க."

பந்தல் அதிர்ந்தது. உள்ளறையில் மணப்பெண்ணாக இருந்த சபியாவுக்கு என்ன சிரிப்பென்று விளங்கவில்லை. பிறகு காக்கா வந்து சொன்னபோது அவளும் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அதை அவள் புருசனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த கிழமை அது பத்திரிகையில் வந்தது. பிறகு ரேடியோவில் நூஹுவே குரல் மாற்றி மாற்றி வாசித்தார். ஊர் இரண்டு வேலை செய்தது. நூஹுவை எழுத்தாளர் என்றது. கபூரைச் 'சொல்லுங்க' என்றது.

அன்றோடு அப்துல் கபூர் என்ற பெயர் அடையாள அட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பஸாரில் அவர் அரிசிக் கடை 'சொல்லுங்க கடை' ஆனது. பள்ளிக்கூடத்தில் மகள் பஹ்மிதா 'சொல்லுங்கட மகள்' ஆனாள். கபூருக்கு நல்ல ஓதல் குரல். ஒரு நாள் பள்ளிவாசலில், தொழுகை தொடங்கும் அழைப்பான இகாமத்தைச் சொல்ல முன்னால் போனார். பின் வரிசையில் யாரோ இளந்தாரி, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கிசுகிசுத்தான். திரும்பி வந்து வரிசையில் நின்றவர், அதற்குப் பிறகு முன்னால் போகவே இல்லை. பஹ்மிதாவின் நிக்காஹுக்கும் வாப்பாவாக அவர் வாய் திறக்க வேண்டியிருந்தது. தனக்குப் பதிலாகப் பேச வேறொருவரை வகீலாக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பாயில் இருந்தார்.

போன மாதம் நூஹுவுக்கு விருது. அந்த மேடையிலும் அதே கதையைத்தான் எடுத்தார். யாரோ வீடியோ எடுத்து எல்லாருடைய ஃபோனுக்கும் அனுப்பினார்கள். அன்று கபூர் ஆசுபத்திரிக் கட்டிலில். பக்கத்துக் கட்டில்காரன் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆள் யாரென்று தெரியாமல் அவரிடமே நீட்டினான். கபூர் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

சபியா காக்காவுக்கு ஃபோன் எடுத்தது அன்றுதான்.

இனி இந்த வாரத்து நாளுக்கு வருவோம்.

விடியும்போதே கபூருடைய மூச்சு மாறியிருந்தது. மூக்கு நுனி குளிர்ந்து கிடந்தது. சபியா தொட்டுப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"மௌலவிக்கு ஆளனுப்பு, மகள்."

"இப்பயே என்ன உம்மா..."

"அனுப்பு புள்ள."

மௌலவி வந்தார். வரிப்பத்தான்சேனைக்காரர். ஊர்ப் பள்ளிவாசலுக்குப் புதுசு, வயசும் கொஞ்சம். யாசீன் ஓதி முடித்துவிட்டுக் கபூருடைய காதுக்குக் கிட்டக் கலிமாவை மெதுவாகச் சொன்னார். கபூருடைய உதடு அசைந்தது. அறைக்குள் நின்றவர்கள் எல்லாரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலிமா நாவில் இருக்கும்போது உயிர் போக வேண்டும் என்பதைத் தவிரச் சபியாவுக்கு அந்த நேரம் வேறு ஆசை இல்லை.

தலைமாட்டில் நின்ற மருமகன் ஜெஸீமுக்கு அவசரம். நல்ல எண்ணத்தில்தான் குனிந்தான்.

"சொல்லுங்க மாமா. சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. யாரைப் பார்த்து எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று முகம் வெளிறிப் போனது. அந்தப் பதற்றத்தில் அவன் தொண்டையில் இருந்து, அடக்கப் பார்த்தும் அடங்காமல், ஒரு சிரிப்பு கிளம்பிவிட்டது.

சின்னச் சிரிப்புத்தான். ஆனாலும் வாசலில் நின்ற பெண்ணொருத்தி முக்காட்டை இழுத்து வாயை மூடினாள். இன்னொருத்தி வேறு பக்கம் திரும்பினாள். அவள் முதுகு குலுங்கியது.

கபூருடைய உதடு நின்றது.

பிறகு இரண்டு உதடுகளையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தலையைத் தூக்கவே ஏலாமல் கிடந்த மனிதருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ, அல்லாஹ் அறிவான்.

"மாமா! நான் அப்பிடி நினைச்சுச் சொல்லல்ல மாமா!" ஜெஸீம் அழுதான்.

பஹ்மிதா புருசனைச் சத்தம் போடவில்லை. "வெளிய நில்லுங்க" என்றாள். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை குடிவந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் தெருக்கதவான படலைக்கு வெளியே வெயிலில் போய் நின்றான்.

மௌலவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மௌத்து நேரத்தில ஆளச் சொல்லு எண்டு நெருக்கக் கூடா. பக்கத்தில இருந்து ஓதினாப் போதும்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓதினார். பஹ்மிதா ஓதினாள். சபியா ஓதினாள். கபூர் அசையவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. அந்த இறுகின உதட்டைப் பார்க்கப் பார்க்கச் சபியாவுக்குப் பயம் ஏறியது. வாழ்நாளெல்லாம் வாய் திறக்கப் பயந்த மனுசன், இப்படியே பூட்டின வாயோடு போய்விடுவாரோ?

அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"உம்மா, ஆருக்கு?"

"ஒண்ட மாமாக்கு."

"அவரா? அவரு வந்து இன்னொரு கதை எழுதவா உம்மா?"

"ஒண்ட வாப்பா கேட்டாரு. கேட்டத நான் மறைச்சிட்டன்." சபியா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "அது எண்ட பிழ."

மருதமுனையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர் நூஹு. ஓட்டோவில் வந்து இறங்கினார். படலையடியில் நின்ற ஆட்கள் அவரைக் கண்டதும் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரிக்க ஆயத்தமானார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கதோசம். அந்த முகத்தைக் கண்டால் ஏதோ வரப்போகிறது என்று உதடு தானாக விரியும். நூஹு அந்த முகங்களைப் பார்த்தார். பார்வையை நிலத்துக்கு இறக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

சபியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி இரிக்காரு, தங்கச்சி?"

"வாயப் பூட்டிட்டாரு. கலிமா சொல்றாரில்ல. நீங்க போட்ட பூட்டுத்தான் காக்கா. வந்து துறங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். "துறப்பு எங்கிட்ட இல்லயே புள்ள" என்றார்.

"ஒரு பகிடி. ஒரே ஒரு பகிடி உட்டீங்கெண்டா, இவருட மய்யத்து மட்டுமில்ல, எண்ட மய்யத்தும் நீங்க பார்க்க ஏலா."

"ஓம்."

"கேட்டதா?"

"ஓம் தங்கச்சி. கேட்டது."

உள்ளே கதிரை போட்டார்கள். நூஹு கதிரையில் இருக்கவில்லை. கையை ஊன்றி, முழங்கால் முறியப்போவது போல மெல்ல மெல்ல இறங்கி, நிலத்தில் இருந்தார். இப்போது இரண்டு கிழவர்களுடைய முகங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான். நான் வந்திரிக்கன்."

சுவர்ப் பக்கமாகக் கிடந்த கண் திறந்தது.

"ஹாஜியார், நீங்க ஓதுங்க. காதில விழுந்தாப் போதும்" என்றார் மௌலவி.

நூஹு வாயைத் திறந்தார். ரேடியோவில் ஊரைக் கட்டிப்போட்ட அந்தக் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது.

"லாஇலாஹ..."

அதோடு நின்றது.

என் கிளிகளே, அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. ஓதப் போகும் சின்னப் பிள்ளைகளைக்கூட அந்த இடத்தில் மூச்சு விட விடமாட்டார்கள். வணங்கத் தகுந்தவன் யாருமில்லை என்று அர்த்தம் அந்தரத்தில் தொங்கிப்போகும். 'அல்லாஹ்வைத் தவிர' என்ற மிச்சத்தையும் சேர்த்தால்தான் அது கலிமா. நூஹு பாதியில் நின்றார். அடுத்த சொல் வரவில்லை. மௌலவியின் கை பதறி உயர்ந்தது. பஹ்மிதா "மாமா!" என்றாள்.

கட்டிலில் தலை திரும்பியது.

கபூர் நூஹுவைப் பார்த்தார். ஆத்திரம் இல்லை. ஓதலில் பிழை கேட்டால் பொறுக்க மாட்டாத மனிதருடைய பார்வை அது. இறுகியிருந்த உதடு பிரிந்தது.

"மச்சான்... அதில நிப்பாட்டக் கூடா."

மூச்சு வாங்கினார். எல்லாரும் குனிந்தார்கள்.

"நான் சொல்றதச் சொல்லுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டு அறைக்குள் ஒரு பல்லும் தெரியவில்லை. வாசலில் முக்காட்டால் வாயை மூடினவள் இப்போது கண்ணை மூடினாள்.

"லாஇலாஹ இல்லல்லாஹ்" என்றார் அப்துல் கபூர்.

"லாஇலாஹ இல்லல்லாஹ்" என்றார் நூஹு, பாயில் இருக்கும் மாப்பிள்ளை போல.

இன்னொருமுறை கபூர் சொன்னார். அது காற்றாகத்தான் வந்தது. பிறகு அவர் கதைக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வீதியில் போய்க்கொண்டிருந்த நேரம், சபியாவுடைய கைக்குள் இருந்த அந்தக் கை பாரமானது.

அழுகைச் சத்தத்துக்கு நடுவில் சபியா காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரில் இருக்கும் ஆள் துடித்துப் போவான் என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த தொழில். மேடையில் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளிக்குத்தான் ஊர் சிரித்தது. அப்படியானால் சற்றுமுன் நின்றது அந்தக் கெட்டித்தனமா? இல்லை, உண்மையாகவே தொண்டை அடைத்ததா? நூஹு நிலத்தில் இருந்தபடி கபூருடைய கால் விரல்களைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழாமல் கை வழுக்கி வழுக்கிப் போனது.

பள்ளியில் அறிவிக்க ஆள் வேண்டும். சபியா படலையடிக்குப் போனாள். ஜெஸீம் அப்படியே வெயிலில் நின்றான்.

"மகன், பள்ளிக்குப் போ. பேர மட்டும் குடு. அப்துல் கபூர். மறு பேர் ஒண்டும் அதில வரக் கூடா."

"சரி மாமி." அவன் ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கல்முனைக்குடியைச் சேர்ந்த அப்துல் கபூர் அவர்கள் காலமானார். அன்னாரின் ஜனாஸா நல்லடக்கம் மஃரிப் தொழுகையின் பின்னர்..."

சபியா சுவரில் சாய்ந்து கேட்டாள். ஊருக்கு மேலே அந்தப் பெயர் தனியாக, எந்த ஒட்டும் இல்லாமல் போவதை அவள் அன்றுதான் கேட்டாள். அவளுக்கு அழுகை அப்போதுதான் பொங்கியது.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு.

வாடகைக்கு எடுத்த கதிரைகளை முற்றத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நெருங்கின சொந்தம் வந்தது. அக்கம்பக்கம் வந்தது. மற்றக் கதிரைகள் அப்படியே வெயில் காய்ந்தன. பின்நேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பஸார் ஆட்களில் ஒருவரையும் காணவில்லை. அவர் கடைக்கு முன்னால் தினமும் தேத்தண்ணி குடித்த ஆட்களைக்கூடக் காணவில்லை.

பஹ்மிதா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். "ஊருக்கு என்ன வந்த உம்மா? வாப்பாக்கு இவ்வளவுதானா ஆக்கள்?"

ஜெஸீம் திரும்பி வந்தான். படலைக்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் நின்று சொன்னான்.

"மாமி, சந்தியில எந்தக் கபூர், எந்தக் கபூர் எண்டு கேக்குறாங்க. ஆருக்கும் தெரியல்ல."

"தெரியல்லயா?"

"மில்லுக்காரக் கபூராக்கும் எண்டு நினைச்சுக் கொஞ்சப் பேர் அவர்ட வீட்டுக்குப் போய்ட்டாங்க. அவரு நித்திரையால எழும்பி வந்து, 'நான் இன்னும் இரிக்கன்' எண்டாராம்."

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு விசயத்தை வைத்து நூஹு ஒரு முழுப் பத்தி எழுதியிருப்பார். கரையெல்லாம் சிரித்திருக்கும். இப்போது அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மௌலவி தொண்டையைச் செருமினார். இதற்குள் யாரோ அவருக்கு விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "உம்மா, மன வருத்தமெண்டு தெரியும். ஆனா ஜனாஸாத் தொழுகைக்கு ஆக்கள் கூடினா மய்யத்துக்கு நல்லம். ஊரறிஞ்ச பேரோட இன்னொருக்கா அறிவிச்சா..."

"வேணாம்!" என்றாள் பஹ்மிதா. "எண்ட வாப்பா அந்தப் பேரோட போகத் தேவல்ல. நாலு பேர் தொழுதாலும் போதும்."

எல்லாரும் சபியாவைப் பார்த்தார்கள். அவள் அறைக்குள் பார்த்தாள். வெள்ளைத் துணியால் தாடையைக் கட்டிக் கிடந்தார் கபூர். சொந்தப் பெயரில் அனுப்பினால் தொழ ஆளில்லை. ஆள் வேண்டுமென்றால் அந்தப் பெயரை அவளே எடுத்துக் கொடுக்க வேண்டும். வாழ்ந்த காலமெல்லாம் வீட்டுக்குள் அவள் உச்சரிக்காத பெயர்.

"நான் போறன்" என்றார் நூஹு. "மைக்கில நானே சொல்றன், தங்கச்சி."

"என்னத்தச் சொல்லப் போறீங்க?"

நூஹு வாயைத் திறந்தார். "தெரியா" என்றார்.

நூஹுவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. பஹ்மிதா ஏதோ சொல்ல வந்தாள். சபியா அவள் கையைப் பிடித்தாள்.

"போங்க காக்கா. ஆனா சிரிச்ச முகத்தோட ஒருத்தன் எண்ட வாசலுக்கு வந்தாலும் ஒங்களத்தான் கேப்பன்."

அவர் செருப்பைத் தேடவில்லை. சுடும் மணலில் வெறுங்காலோடு இறங்கினார். படலையடியில் ஜெஸீம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சந்தி திரும்பும் வரைக்கும் சபியா பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. யாரோ மைக்கை இன்னொரு கைக்கு மாற்றும் சத்தம். பிறகு ஒரு மூச்சுச் சத்தம், கிழவரொருவர் மூச்சு இழுக்கும் சத்தம், வீடு வீடாகப் போனது. குரலை ஊர் அறியும். மூச்சை அறியாது. சந்தியில் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாருக்கும் காட்டிய மனிதர், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் இந்த இடத்தில் நிறுத்துகிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் வீட்டில் நோயில் கிடப்பவருக்குப் படைத்த ரப்பு சுகத்தைக் கொடுக்கட்டும். போகும் காலம் வந்தவருக்கு நாவை இலேசாக்கட்டும். நீங்கள் ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்த பெயராலேயே உங்கள் பிள்ளைகளை ஊர் கூப்பிடட்டும். உங்கள் முற்றத்தில் எப்போதும் சிரிப்புக் கேட்கட்டும், அதனால் யாரும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் இருக்கட்டும். ஆமீன்.